இரண்டு ஜோடித் துளைகள்

நூற்றுப் பதினெட்டிலிருந்து நூற்றிருபத்தேழு வரை
பின் அடித்து மூடியிருந்தார்
எனக்கு முன்னால் இருந்த மிஸ்டர் சடையன்.
ஒன்பதாம் கிரேடு அறிவியல், முப்பத்தாறு பிரதிகள்,
ஓரத்துக்கு ஐந்து பின், ஒரே இடைவெளி.
எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர் என்று
ஸ்டாஃப் ரூமில் இன்றைக்கும் சொல்வார்கள்.
பரீட்சையில் வராது என்றாராம் பிள்ளைகளிடம்.
(வந்தது. படத்தில் பாகங்களைக் குறி, நான்கு மதிப்பெண்.)

நான் வந்து இரண்டு வருடம்.
இரண்டு வருடமும் நூற்றுப் பதினேழிலிருந்து
நூற்றிருபத்தெட்டுக்குத் தாண்டினேன்,
சேற்றில் சேலை படாமல் தாண்டுகிற மாதிரி.

எங்கள் வீட்டில் மிச்சமிருந்த தமிழ்
ஐம்பது அறுபது சொல்.
அதில் ஒன்று தூரம்.
பதிமூன்று வயதில், பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று
அம்மா சொன்னாள்: "நீ தூரம்."
எங்கிருந்து என்று சொல்லவில்லை.
சாட்ஸ்வொர்த்திலிருந்து கடல் இருபது கிலோமீட்டர்.
நான் அதைவிடத் தூரமா என்று
மூன்று நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை புத்தகங்களைத் திரும்ப வாங்கினேன்.
சனிக்கிழமை, ஜூன் குளிர்,
ஹிக்கின்சன் சாலையின் இரைச்சல்,
வெளியே குப்பைத் தொட்டியைக் கிளறுகிற குரங்குகள்.
நகவெட்டியால் பின்களை நெம்பினேன்.
மூன்றாவது புத்தகத்தில்தான் கண்ணில் பட்டது:
ஒரு பின்னுக்கு ஒரு ஜோடித் துளை போதும்.
இங்கே இரண்டு.
யாரோ கழற்றியிருக்கிறார்கள், படித்திருக்கிறார்கள்,
அதே பின்னைக் கிட்டத்தட்ட அதே இடத்தில்
கட்டைவிரலால் மடக்கி வைத்திருக்கிறார்கள்.
முப்பத்தாறில் முப்பத்தொன்று இப்படி.

உள்ளே, படங்களைச் சுற்றி, பென்சில்.
"முத்தம் கொடுத்தால் கர்ப்பம் ஆகுமா?"
ஆகும்.
ஆகாது மடையா.
நிச்சயமாகவா?
மூன்று கையெழுத்து, மூன்று வருடம்.

"எனக்குப் பதினைந்து, இன்னும் வரவில்லை."
அதன் கீழே ஜூலுவில் ஒரு வரி.
ஆஃபீஸ் தாண்டேகாவிடம்,
படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அர்த்தம் கேட்டேன்.
(மறைத்தேன், பாருங்கள். நான்தான் பாடம் நடத்தப்போகிறவள்.)
அவள் சிரிக்காமல் வாசித்தாள்:
என் அக்காவுக்குப் பதினாறில். பயப்படாதே.

"பிறந்ததிலிருந்து தினம் மாத்திரை போடுகிறேன்.
தெரிந்தால் பக்கத்தில் உட்காருவீர்களா?"
உட்காருவேன். ஆனால் ஜன்னலோரம் எனக்கு.

ஒரு ஸ்கூல் நடந்திருக்கிறது அந்தப் பத்துப் பக்கத்தில்,
வாத்தியார் இல்லாமல்,
பாதி தப்பும் பாதி கருணையுமாக.

பிறகு இருபத்திரண்டாம் எண் புத்தகம்.
மற்றவை மங்கியிருந்தன.
இது கறுப்பு, விரலில் ஒட்டியது.
"வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை.
அது கணக்கில் வருமா?"
அதன் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

புத்தக எண்ணுக்கு நேராகப் பெயர்
ரெஜிஸ்டரில் இருக்கிறது.
அதை இங்கே எழுத மாட்டேன்.

சிவப்புப் பேனாவை எடுத்து, கீழே வைத்து,
பென்சிலைச் சீவினேன்.
வரும், என்று எழுதினேன்.
மெதுவாகச் சொன்னாலும், சொல்ல முடியாமல் போனாலும்.
தப்பு உன்னுடையது இல்லை.
லேபுக்குப் பக்கத்து அறை, மணி அடித்த பிறகு
நான் அங்கேதான் இருப்பேன்.

திங்கள்கிழமை. நூற்றுப் பதினெட்டைத் திருப்புங்கள் என்றேன்.
யாரும் திருப்பவில்லை.
மேசையில் வைத்ததுமே புத்தகங்கள்
தாமாக அங்கே விரிந்துகொண்டன.
கிரிஷன் இருமினான். நோம்பிலோ கூரையைப் பார்த்தாள்.
படத்துக்குப் போகுமுன்
வேண்டாம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன்,
மூன்று மொழியிலும்.
என் தமிழ் எழுத்து கோணலாக வந்தது.

மணி அடித்தது.
நாற்காலிகள், காலணிகள், கதவு.
ஒரு பையின் ஜிப் மட்டும்
மூடிக்கொள்ள
ரொம்ப நேரம் எடுத்தது.