தரை குறித்து ஒரு மனு

ஜெராக்ஸ் கடை மாடியில் ஆறு நாற்காலி.
ஒன்றுக்குக் கால் சரியில்லை; அதில்
எட்டியப்பன் மட்டும்தான் உட்காருவார்.
ஹார்பரில் மூட்டை தூக்கிய உடம்பு,
சாய்வு பழகியது.
கூட்டம் செவ்வாய் இரவு, தண்ணி லாரி போன பிறகு.
வியாசர்பாடி நீதி அமைதிக் குழு என்று
லெட்டர்பேடில் அச்சடித்திருக்கிறோம்.
தெருவில் எங்களுக்குப் பெயர் பஞ்சாயத்து பார்ட்டி.
ஸ்டேஷனில் வேறு பெயர். அதை
நோட்டில் எழுதுவதில்லை என்று தீர்மானம் உண்டு.
நோட்டு என்னிடம்.

மாசியில், லாரி வரிசையில்
ஒரு குடம் இன்னொரு குடத்தை இடித்தது.
அவ்வளவுதான். நீலக் குடம்.
மூன்றாம் தெரு தினகர் இடுப்பில் கத்தி இருந்தது.
ஐந்தாம் தெரு கபிலன்
தடுக்கத்தான் கையை நீட்டினான்.

பதினொன்றரைக்கு ஜீப் வந்து தினகரை ஏற்றியது.
பன்னிரண்டேகாலுக்கு
ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நாங்கள் ஐந்து பேர்.

அந்த பாத்ரூம் வழுக்கும். எல்லோருக்கும் தெரியும்.
ஐப்பசியில் ஒருவனுக்கு வலது கை.
தை மாதம் இரண்டு பேருக்கு
ஒரே நாளில், ஒரே இடது கால்.
மாவுக்கட்டோடு கும்பிடும் போட்டோ
வாட்ஸ்அப்பில் வரும். எங்கள் தெருவிலேயே
கைதட்டும் பொம்மை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஷம்ஷாத் பைக் சீட்டில் பேப்பரை வைத்து எழுதினாள்:

ஐயா,
தங்கள் நிலையக் கழிப்பறைத் தரை
அடிக்கடி வழுக்குவதாக நாளிதழில் படிக்கிறோம்.
காவலர் எவரும் இதுவரை விழவில்லை என்பது ஆறுதல்.
ஆயினும் தங்கள் நலன் கருதி
பிளீச்சிங் பவுடர் இரண்டு கிலோ,
துடைப்பம் ஒன்று,
தேய்த்துத் தர ஐந்து பேர் வந்துள்ளோம்.
அனுமதி வேண்டுகிறோம்.

ரைட்டர் இரண்டு முறை படித்தார்.
சிரிப்பா கோபமா என்று அவர் முகம் முடிவெடுப்பதற்குள்
ரமணம்மா புடவையைத் தூக்கிச் செருகிவிட்டார்.
கார்ப்பரேஷனில் இருபத்திரண்டு வருஷத் துடைப்பம்.
"ரிடையர் ஆனப்புறம் தொடமாட்டேன்னு இருந்தேன்.
இன்னைக்கு ஒரு நாள்."

உள்ளே விடவில்லை.
விடியும்வரை பக்கெட் வாசலில் இருந்தது.
உள்ளே போகும் ஒவ்வொரு பூட்ஸும்
அதைச் சுற்றிக்கொண்டு போனது.

ஏழு மணிக்குத் தினகர் நடந்து வந்து வேனில் ஏறினான்.
நோட்டில் எழுதினேன்:
கை இரண்டு. கால் இரண்டு. சரிபார்க்கப்பட்டது.

அங்கிருந்து நேரே ஸ்டான்லி.
ரிச்சி தெருவில் செல்போன் பிரித்துக் கோர்க்கிற கை
கபிலனுடையது. நரம்பு அறுந்திருந்தது.
மோதிர விரலும் சுண்டு விரலும்
இனி மடங்குமா, டாக்டர் சொல்லவில்லை.
அக்கா யுவராணி எங்கள் கண்களைப் பார்த்தாள்,
தூங்காத கண்கள்.
"ராத்திரி பூரா அவன் கைக்குக் காவல் இருந்தீங்களாமே.
இவன் கைக்கு யார் இருந்தா?"

அமலோற்பவம் ஆரஞ்சுப் பையை
எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்திருந்தாள்.
எட்டியப்பன் வாயைத் திறந்து மூடினார்.
ரெண்டும் ஒரே கைதாம்மா என்று சொல்ல வந்தாராம்,
பஸ்ஸில் சொன்னார்.
நல்ல வேளை, ஆஸ்பத்திரியில் அது எடுபடாது.
அன்றைய பக்கத்தில்
கேள்வியை மட்டும் எழுதியிருக்கிறேன்.

பிறகு செய்ததெல்லாம் சின்ன வேலை.
குடத்துக்கு டோக்கன்.
லாரி டிரைவரோடு மூன்று சண்டை.
பிசியோவுக்குக் கபிலனைக் கூட்டிப்போக
ஷேர் ஆட்டோ, முறை வைத்து.
ஒரு வாரம் என் முறையை நான் மறந்துவிட்டேன்.
அவன் நடந்தே போயிருக்கிறான்.

வைகாசியில் தினகருக்கு ஜாமீன்.
இந்தச் செவ்வாய் யுவராணி கூட்டத்துக்கு வந்தாள்,
கேட்காமல் கால் சரியில்லாத நாற்காலியில் உட்கார்ந்தாள்.
கீழே ஒருவன் ஆதார் கார்டை
நாலாவது முறையாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான்.
மெஷின் வெளிச்சம் பச்சையாக
அவன் முகத்தின் மேல் போய்த் திரும்பியது.
அவள் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வந்தவர்கள்: ஏழு.
கீழே நின்றவர்: ஒருவர்.
யாரும் கூப்பிடவில்லை.
யாரும் போகச் சொல்லவில்லை.
அடுத்த பொருள்: லாரி நேரம்.