கிடைத்த இடம்

களியக்காவிளை பஸ் நிலையத்தில்
கட்டணக் கழிப்பிடம், பெண்கள் பக்கம்.
ஒரு மேசை, ஒரு டெட்டால் பாட்டில், ஒரு தகர டப்பா.
காலை ஆறிலிருந்து இரண்டு வரை நான்.
திருவனந்தபுரம் பஸ்ஸில் வந்தவளும்
நாகர்கோவில் பஸ்ஸில் வந்தவளும்
ஒரே மாதிரி சொல்லும் ஒரே வாக்கியம்:
சில்லறை இல்லை.
சொல்லிக்கொண்டே உள்ளே ஓடுவார்கள்.
வெளியே வரும்போது இருக்கும்.

ஓணத்துக்கு இங்கேயும் பள்ளிக்கூடம் லீவு.
பெனிஷை விட்டுவர ஆளில்லை.
மேசைக்கடியில் டப்பாவைக் கவிழ்த்துவிட்டான்.
"அம்மா, இதுல வருஷத்துக்குக் கீழ ஒரு புள்ளி.
இதுல நட்சத்திரம்.
இதுல ஒண்ணுமே இல்ல."
பதினோரு வருஷமாய்க் காசு எண்ணுகிறேன்,
ஒரு காசையும் பார்த்ததில்லை.

அக்காக்காரி ஆன்சி விசாரித்து வந்தாள்.
புள்ளி நொய்டா. நட்சத்திரம் ஹைதராபாத்.
சாய்ந்த சதுரம் மும்பை.
ஒன்றும் போடாதது கல்கத்தா.
"அதெப்படி, ஒண்ணும் போடாம ஒரு ஊரு?"
ரப்பர்ப் பால் வாசத்தோடு சோற்றுக்கு உட்கார்ந்த செல்வதாஸ்
"முதல்ல அடிச்சவனா இருப்பான்" என்றார்,
"அவன் எதுக்குப் பேரு போடணும்?"
மறுநாள் ஒட்டுப்பால் உரித்த சிரட்டை நாலு
தோட்டத்திலிருந்து கொண்டுவந்தார்,
ஊருக்கு ஒன்றாக.

டப்பாக் காசு காண்ட்ராக்டர் காசு.
ஒரு ரூபாய் எடுத்தால் ஒரு ரூபாய் போட வேண்டும்.
ரூபாய் கொடுத்து ரூபாய் வாங்கும் வியாபாரம்
வீட்டில் ராத்திரி பத்து வரை நடந்தது.
அதற்கு முன்னால் சோப்பு. மூன்று தடவை. அது என் சட்டம்.
கழுவினால் பழைய காசுக்கு மதிப்புப் போய்விடும் என்றாராம்
ஆன்சியின் அறிவியல் சார்.
அவர் எங்கள் டப்பாவை முகர்ந்ததில்லை.

ஒரு விடியற்காலை,
அத்தர் மணக்க, பெட்டியில் சிவப்பு ரிப்பன் கட்டி,
ஒருத்தி அவசரமாய்ப் போட்டுப் போனது
ஐந்து ரூபாய் இல்லை.
கணக்கு முடிக்கும்போதுதான் தெரிந்தது.
கெண்டிப் படம், அரபி எழுத்து.
கைக்காசு ஐந்து போட்டு, அவளை நன்றாக வைதேன்.
பிள்ளைகள் குதித்தார்கள்: துபாய் காசு!
ஆன்சி கணக்குப் போட்டாள், இருபதுக்கு மேல் வருமாம்.
வைததைத் திரும்ப எடுக்க வழியில்லை.
பெனிஷ் அதை எந்தச் சிரட்டையிலும் போடவில்லை,
ஜன்னல் கட்டையில் வைத்தான்.
தினமும் நான் செருப்பைக் கழற்றும் முன்னே கேட்பான்:
"அவங்க வந்தாங்களா?"

பள்ளியில் கண்காட்சி.
சார்ட்டில் நாலு கட்டம்:
மதிப்பு, வருஷம், அடித்த ஊர், கிடைத்த இடம்.
"பஸ் நிலையம்னு எழுது பிள்ளே, போதும்" என்றேன்.
ஸ்கெட்ச் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
அவள் பேசாமல் இருந்தாள்.
அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாய்த் தூக்கமில்லை.

ஷிப்ட் முடிந்து, சேலை மாற்றி, பவுடர் போட்டு,
டெட்டால் வாசம் போகாமலே போனேன்.
இருபத்தாறு காசு, இருபத்தாறு வரி.
ஒவ்வொன்றிலும் முழுசாக:
களியக்காவிளை பஸ் நிலையம், கட்டணக் கழிப்பிடம்,
பெண்கள் பக்கம், அம்மாவின் மேசை.
இரண்டாவது வரியிலிருந்து
மேற்படி என்று போட்டிருக்கலாம்.
போடவில்லை.
யாருடைய அம்மாவோ நின்று வாசித்தாள்,
என்னைப் பார்த்தாள்,
தன் பர்ஸைத் திறந்து ஒரு ரூபாயைத் திருப்பி
வருஷத்துக்குக் கீழே தேடினாள்.

கடைசியில் கெண்டிப் படக் காசு.
அதற்கடியில் மட்டும் பெனிஷின் கோணல் எழுத்து:
இது எங்களுடையது இல்லை.
கேட்டால் கொடுப்போம்.