இருபது வற்

ஆறுக்கு மேல முடுக்காதீங்க எண்டு
விற்கும்போதே சொன்னார் காத்தான்குடி முஸம்மில்.
கல்லடி மேல் வீட்டுக்குக் கொண்டுவந்து
ஒன்பதில் வைத்தேன்.

முதல் அரை மணி நேரம், உண்மையைச் சொன்னால்,
நன்றாய்த்தான் இருந்தது.
தவிலுக்குப் பல் முளைத்த மாதிரி.
பக்கத்து வீட்டு நாய் எழும்பிப் போனது.
அதையும் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன்.

தர்மினி அடுப்படியிலிருந்து வந்தாள்.
"சத்தத்தச் சொல்லல்ல கா,
ஆரோ கோவத்தில கத்துற மாதிரிக் கிடக்கு."
அவள் தாலாட்டுத்தானே பாடுகிறாள் என்றேன்.
"அதுதான் சொல்றன்."

நாலாம் நாள் வலப்பக்க டுவீட்டர் செத்தது.
ஐம்பது வற் தாங்கும் பெட்டி,
இருபது வற் அம்ப்ளிபயர்.
சின்னது பெரிசை எப்படிக் கொல்லும்?

முஸம்மில், என்னைவிடப் பத்து வயது இளையவர்,
வாய் திறக்காமல்
பச்சைத் திரையில் ஓர் அலையை ஓடவிட்டார்.
ஆறில் அது வளைந்து வளைந்து போனது.
ஒன்பதில் தலையில்லை.
மேலே தட்டை. கீழே தட்டை.
படுவான்கரையிலிருந்து வைக்கோல் ஏற்றின மிசின்
தாழ்ந்த வயருக்குக் கீழால் வந்து
உச்சி வழிபட்டு நிற்குமே, அப்படி.
"சப்ளை அவ்வளவுதான். அதுக்கு மேல ஏற இடமில்ல.
வெட்டுப்பட்ட மூலையெல்லாம் ஊசி.
ஊசி போறது டுவீட்டருக்கு."

இரவு, புது டுவீட்டர். ஆறு.
பாடுகிறவள்
மூச்செடுக்கும் இடம்கூடக் கேட்டது.
நாலு நாளாய் அவள் மூச்சே எடுக்கவில்லை என்பது
அப்போதுதான் தெரிந்தது.

மறுகா தர்மினி தன் போனைக் கொழுவினாள்.
கட்டாரிலிருந்து தம்பி சுபாஸ்கரன்:
மகள் பிறந்த செய்தி கிடைத்ததும்
அவன் போட்ட கூச்சல்.

கிர்ர்ர் என்றது.
நாலுக்கு இறக்கினேன். இரண்டுக்கு.
மெல்லமாய்க் கிர்ர்ர் என்றது.

இது அம்ப்ளிபயரின் குற்றமில்லை.
போன் வாங்கும்போதே வெட்டி வாங்கியிருக்கிறது.
எந்த முஸம்மிலாலும் ஏலாது.
அந்தக் கூச்சலின் உச்சி
தோஹாவில், ஏதோவொரு காம்பின் படிக்கட்டில்,
கூடப் படுக்கிறவர்கள் நாலு பேர் கேட்டிருப்பார்கள்,
அவ்வளவுதான்.

நிற்பாட்டக் கை போனது.
"கிடக்கட்டும்" என்றாள்.
"அவன்ட சந்தோசம் அதுக்குள்ள கொள்ளல்ல."

ஒன்பதில் வைக்கச் சொன்னாள்.
வைத்தேன்.