இன்னொரு டப்பா

புந்தா அரெனாஸில் செப்டம்பர் காற்று
ஆளை அப்படியே தூக்கும்.
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
அதைப் பிடித்துப் பிடித்துத்தான்
என் மருந்துக்கடைக்கு வந்தாள் நோல்ஃபா பரியா.
நண்டு ஆலையில் ஓடு உடைக்கிறவள்.
ஜூலையில் வந்த காய்ச்சல் போய்விட்டது,
போகும்போது
அவளையும் கொஞ்சம் எடுத்துப் போயிருந்தது.

முக்காலியில் உட்கார்ந்து
மூச்சு வாங்கி முடித்த பிறகு கேட்டாள்:
"டானிட்சா, செல்லுக்குத் தெம்பு தரும் சர்க்கரையாமே?"

இருந்தது. ரைபோஸ்.
வெள்ளை டப்பா, ஓடும் குதிரைப் படம்,
அவளுடைய இரண்டு நாள் கூலி.
கடை வாடகை பாக்கியிருந்த மாதம்.
பேசாமல் விற்றிருக்கலாம்.

ரசீதுத் தாளைத் திருப்பி ஒரு செல் வரைந்தேன்,
கோணல்மாணலாய்,
உள்ளே அவரைக்கொட்டை மாதிரி மைட்டோகாண்ட்ரியா.

இவை அன்றாடங்காய்ச்சிகள், நோல்ஃபா.
சேமிப்பு கிடையாது.
ஏடிபி என்றொரு நாணயம்,
கையிருப்பு சில நொடிக்குத்தான்.
செலவான காசு ஒரு பாஸ்பேட் உதிர்ந்து
செல்லாக்காசாய்த் திரும்பி வரும்.
மறுபடி அச்சடிக்க வேண்டும்.
நீ படுத்தே கிடந்தாலும்
ஒரு நாளில் ஏறக்குறைய உன் எடைக்கு எடை.
அச்சு எந்திரம் நிஜமாகவே சுழல்கிறது,
கபோ நெக்ரோ காற்றாலை மாதிரி;
காற்றில் இல்லை,
ஒரு சவ்வின் வாசலில்
புரோட்டான்கள் முண்டியடித்து இறங்க இறங்க.
நீ இழுக்கும் மூச்சு
அங்கேதான் போய்த் தண்ணீராகிறது.

"சர்க்கரை?"

அது நாணயத்தின் நடுத்தகடு.
எரிக்கிற விறகில்லை.
தின்னும் ரொட்டியிலிருந்து உடம்பே செய்துகொள்ளும்,
இதயமும் தசையும் மட்டும் கொஞ்சம் மெதுவாக.
வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்று
சிலர் சோதித்துப் பார்த்தார்கள்.
சின்னச் சின்ன ஆய்வுகள்.
சிலருக்குத் தேவலை போலிருந்தது,
சிலருக்கு வயிறு கலக்கியது.
எந்திரமே மக்கர் என்றால்
தகடு குவித்து என்ன செய்ய?
உனக்கு எது என்று எனக்குத் தெரியாது.

சர்க்கரை நோய் மாத்திரை உண்டா என்று கேட்டேன்.
இல்லை என்றாள்.
வாங்கிக்கொண்டு போனாள்.

அக்டோபர் கடைசியில் வந்தாள், கயிறு பிடிக்காமல்.
"பதினாறு படியும் நிற்காமல் ஏறினேன்."
டப்பாவா?
"ஆலையில் அரை ஷிப்டுதான் இப்போது.
ராத்திரி எட்டரைக்கும் வெளிச்சம்.
இன்றைக்குக் காற்றும் இல்லை."
எதற்கு நன்றி சொல்வது என்று
இருவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று தரவா என்று வாயெடுத்தேன்.
அதற்குள் பையிலிருந்து
நாலாய் மடித்த பழைய ரசீதை எடுத்து விரித்தாள்.
அவரைக்கொட்டைகள் எல்லாம் பச்சை.
மகன் எலிசேயோ வண்ணம் அடித்திருக்கிறான்.

பச்சை செடிக்குத்தான், நமக்கில்லை என்றேன்.

"சொன்னேன்.
அவன் வெயிலையே தின்னப் போகிறானாம்.
வாசலில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான்,
வந்து பார்."