மூன்றில் இரண்டு

ஈரி நகரில் பனி மேலிருந்து விழுவதில்லை,
ஏரியிலிருந்து பக்கவாட்டில் அறைகிறது.
இரவு வேலை முடிந்து வரும் பேருந்தில்
கையுறையைப் பல்லால் கழற்றி
மின்னஞ்சலைத் திறந்தேன்.
அன்புள்ள மாணவரே என்று தொடங்கி
மூன்றாம் வரியிலேயே கைவிட்ட கடிதம்:
உதவித்தொகைக்கான தகுதியை இழந்துவிட்டீர்கள்.

எடுத்தது இருபத்தேழு கிரெடிட்.
முடித்தது பதினைந்து.
மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருக்க வேண்டுமாம்.
மீதிக்கெல்லாம் பட்டியலில்
டபிள்யூ, டபிள்யூ, டபிள்யூ, டபிள்யூ.
விலகினாள் என்பதற்கு ஒற்றை எழுத்து.
உற்றுப் பார்த்தால் அது
விழுந்து எழுந்து
திரும்ப விழுந்து எழுந்தவளின் தடம்.
பதிவாளர் அலுவலகத்தில் யாரும்
எழுத்தை அப்படிப் பார்ப்பதில்லை.

மேல்முறையீட்டுப் படிவத்தில் இரண்டு பெட்டிகள்.
என்ன நடந்தது?
இப்போது என்ன மாறியிருக்கிறது?
ஐந்நூறு சொல்லுக்கு மிகாமல்.

முதல் பெட்டிக்கு என்னிடம்
ஐயாயிரம் சொல் இருந்தது.
தம்பி கர்ட். அக்டோபர். குளியலறைக் கதவு.
தாழ்ப்பாளை ஸ்குரூடிரைவரால் பெயர்த்தேன்.
உதடு நீலமாக இருந்தது.
பிழைத்துக்கொண்டான்.
பிழைத்தவனுக்கும் பக்கத்தில் ஆள் வேண்டும்,
நாள் முழுக்க, மாதக்கணக்கில்.

சான்று இணைக்கவும் என்றது படிவம்.
நெருங்கிய உறவினரின்
இறப்புச் சான்றிதழ் ஏற்கப்படும்.
ஒரு நொடி, ஒரே ஒரு நொடி,
எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.
அதை எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை.

இரண்டாம் பெட்டிக்குச் சரக்கே இல்லை.
கார் அதே மெக்கானிக்கிடம் அதே ஜாக்கியின் மேல்.
வேலை அதே ஆலையில்,
தயிர் டப்பா மூடிகள், நிமிடத்துக்கு நாற்பது.
நான் மாறிவிட்டேன் என்று மட்டும் எழுதினேன்.
நிராகரித்தார்கள்.
நானாக இருந்தாலும் நிராகரித்திருப்பேன்.

கோடையில் ஒரே ஒரு பாடம், கைக்காசில்.
புள்ளியியல். அறுநூற்று நாற்பது டாலர்.
டிரம் செட்டை வித்துடு என்றான் கர்ட்.
அவனே மாடியிலிருந்து இறக்கி
வாங்கியவனின் வேனில் ஏற்றினான்.
கடைசியாகச் சிம்பலை ஒரு தட்டு தட்டி
அதிர்வு அடங்கும்வரை
விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சராசரி என்பது
யாருமே குடியிருக்காத வீடு
என்று நோட்டின் ஓரத்தில் கிறுக்கினேன்.
பேராசிரியர் ஹட்டெனன் பார்த்துவிட்டு
இது தேர்வில் வராது என்றார்.
பி வாங்கினேன்.

இந்த முறை இரண்டாம் பெட்டியில்
கணக்கு போட்டுக் காட்டினேன்.
பதினெட்டு, முப்பதில்.
இன்னும் ஒன்பது எடுத்து ஒன்பதையும் முடித்தால்
இருபத்தேழு, முப்பத்தொன்பதில்.
அன்று எடுத்ததாகச் சொன்ன அதே எண்
இனி முடித்த கணக்கில் வரும்.
கீழே ஒரு வரி:
செவ்வாயும் வியாழனும் தம்பி கூட்டத்துக்குப் போகிறான்,
அவனே பேருந்து பிடித்து.

பதினேழு நாள் பதில் இல்லை.
பதினெட்டாம் நாள்
கவுண்ட்டரில் யோலண்டா பிரிம்
கண்ணாடிக்கு அடியில் தாளைத் தள்ளினாள்.
தகுதி மீட்கப்பட்டது. நிபந்தனையுடன். ஒரு பருவத்துக்கு.
இன்னொரு டபிள்யூ வந்தா என் கையில எதுவும் இல்ல, மார்லா,
என்றவள் தன் பேனாவையே கொடுத்தாள்,
கயிற்றில் கட்டியிருந்த பேனா எழுதவில்லை.

மீட்பு என்றால் என்னவென்று
அடகுக் கடை வாசலில் நின்றவளுக்குத் தெரியும்.
திரும்பி வருவது நம் பொருள்தான்.
சீட்டு கட்டிய நூலின் அச்சு
கொஞ்ச நாள் அதில் இருக்கும்.

வீட்டில் கர்ட்
இரண்டு கரண்டிகளால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான்.
தாளைக் காட்டினேன். படித்தான்.
இரண்டு முறை படித்தான்.
படிக்கணும், நிறுத்து என்றேன்.
நிறுத்தினான்.
கொஞ்ச நேரம் கழித்து
சத்தம் வராமல்
முழங்காலில் தட்டத் தொடங்கினான்.