உருப்படி ஏழு

ஆட்சேபனை இருந்தால் பதினான்கு நாளுக்குள் அறிவிக்கவும்
என்று சபை மதிலில் ஒட்டிய கடதாசியை
மூன்றாம் நாளே மான் தின்றுவிட்டது.
பசை கோதுமை மாவில் காய்ச்சியது. மானில் பிழையில்லை.
கோட்டையடியிலிருந்து வரும் அந்த ஒற்றைக் கொம்பனுக்கு
மும்மொழியும் ஒரே ருசி.
கதிரை போட்டு ஏறி
மறுபடி ஒட்டினேன், இன்னும் உயரத்தில்.

விண்ணப்பகாரர்: மரியநேசன்.
இடம்: டச்சு விரிகுடாப் பக்கம் திரும்புகிற முடக்கு.
பதினொரு மேசை, ஒரு வேம்பு,
மீன்பெட்டிப் பலகையில் அடித்த மேடை.
கேட்பது: மதுவுக்கும் சனிக்கிழமை இசைக்கும்
பத்தரை என்றிருப்பதைப் பன்னிரண்டாக்க.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாடா பிடித்து அளந்திருந்தார்.
பள்ளிக்கூடப் படலையிலிருந்து வீதிவழியே
ஐந்நூற்றுப் பன்னிரண்டு மீற்றர்.
காகம் பறந்தால் முந்நூற்றெண்பது.
காகம் குடிக்கப் போகுமோ என்றார் பத்மநாதன்.
சிரிப்பை நான் பதியவில்லை.

இல்யாஸ் எழுந்தார்.
தொழுகை நேரம் பற்றிப் பேசுவார் என்றிருந்தோம்.
தன்னுடைய ஐஸ் லொறி அந்த முடக்கில்
திரும்ப முடியாததைப் பற்றிப் பேசினார்.
விமலசேன உல்லாசப் பயணிகளை விரலில் எண்ணினார்.
எட்டாவது விரலில் நின்றுபோனார்.
பின்னொழுங்கையில் கசிப்பு விற்கிறவனை
ஒருவரும் எடுக்கவில்லை.
விண்ணப்பிக்காதவனை மறுக்க உருப்படி கிடையாது.

பிறகு பொதுமக்கள் வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பினாள்.
பெயர் சுகிர்தா. தொழில் இறால் உரிக்கிறது.
ஆட்சேபனையோ, என்றார் தவிசாளர்.
"இல்லை ஐயா."
அப்ப ஆதரவோ?
"அதுவும் இல்லை.
பாட்டு எத்தினை மணிக்கு நிக்கும் எண்டு கேக்க வந்தனான்.

இப்ப பத்தரைக்குக் கடைசிப் பாட்டு.
கீபோட் நிண்டால் அவர் எழும்புவார்.
எங்கட படலைக்கு வரப் பத்து நிமிசம்.
அதுக்குள்ள பிள்ளையள் ரெண்டையும்
பக்கத்து வீட்டில விட்டுப்போட்டு
கத்தி, அகப்பை, திருவலை எல்லாம்
கிணத்தடியில கொண்டுபோய் வைப்பன்.
பன்னிரண்டெண்டால் பன்னிரண்டெண்டு சொல்லுங்கோ.
அவையள் பத்தே முக்காலுக்குப் படுத்திடுவினம்.
நான் வேற வீடு பாக்கோணும்."

படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான்.
நடுக்கோட்டில் நின்ற என் பேனையிலிருந்து
மை ஊறிப் பின்பக்கம் தெரிந்தது.

"நான் குடுக்காட்டி ஒழுங்கைக்குப் போவார்,"
என்றார் மரியநேசன், மேசைக்குச் சொல்வதுபோல்.
அது உண்மை என்று சுகிர்தாவும் தலையாட்டினாள்.
அவருக்குப் பின்னால் நின்ற கீபோட் ஜெரோம்
தன் விரல்களைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

தீர்மானம்: பருவம் முடியும்வரை ஒத்திவைப்பு.
முன்மொழிந்தவர் விமலசேன, வழிமொழிந்தவர் பத்மநாதன்.
நேரம் பழையபடி பத்தரை.
"பொதுமக்களில் ஒருவர் நேரம் பற்றி விளக்கம் கேட்டார்."
ஆறு சொல்.
"பற்றி" தேவையில்லை என்று தவிசாளர் வெட்டினார்.
தேநீருக்குப் பிறகு உருப்படி எட்டு,
மீன்சந்தை வடிகான் மூடிகள்.

சனிக்கிழமை காற்று கடலிலிருந்து அடித்தால்
என் குசினிவரைக்கும் ஜெரோம் கேட்கும்.
முன்பெல்லாம் அதைக் கேட்டபடி உடுப்பு மடிப்பேன்.
நேற்றுக் கடைசிப் பாட்டை அவன்
இரண்டு தரம் வாசித்தான்.
பத்தரை தாண்டி நான்கு நிமிடம்.
நிபந்தனை மீறல். முறைப்படி நான் அறிவிக்க வேண்டும்.

பிறகு நின்றது.
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்துவரை,
கையில் என்னுடைய அகப்பை.