மதகுத் தலைப்பு

வம்மியடிக்குடாவுக்குப் போற வீதிக்கு
மூண்டு சொந்தக்காரர்.
சந்தியில் இருந்து அரிசி ஆலை மட்டும்
கொழும்புக்காரரின் தார்.
ஆலையில் இருந்து பள்ளிக்கூடம் மட்டும்
மாகாணத்தின் தார், கொஞ்சம் மெல்லிசு.
அதுக்கங்கால எங்கட கிறவல்.
எல்லைக்கல் ஒண்டும் இல்லை,
சைக்கிளில் போறவருக்கு
இருக்கையில் தெரியும்.

பிரதேச சபையில் கணக்கெழுதுகிறவள் நான்.
காசு வாற வழி எனக்குத் தெரியும்.
படுவான்கரையில் ஒரு காணி கைமாறினால்
முத்திரைத் தீர்வை முதலில் திருகோணமலைக்குப் போகும்,
அங்க இளைப்பாறும்,
வித்தவரும் வாங்கினவரும் வேலி போட்டு
வேலிக்கு வழக்கும் போட்ட பிறகு
மெல்ல எங்களிட்ட வரும்.

கசிப்புக் காய்ச்சிப் பிடிபட்ட அருளம்பலம்
கோட்டில் கட்டின குற்றப்பணத்தில்தான்
வாசிகசாலைக்குப் பேப்பர் போடுறம்.
அவர் பின்னேரம் வந்து
முதல் பக்கத்தை உருவி எடுத்து வாசிப்பார்,
உரிமையோட.

தெருவிளக்கில்
கம்பம் மின்சார சபைக்கு,
குமிழ் எங்களுக்கு,
வெளிச்சத்தின் பில் ஆருக்கு எண்டு
நாலு வருசமாய்க் கடிதம் நடக்குது.

பங்குனியில் ஒரு மதகு கேட்டம்.
ரி.ஓ. தேவகாந்தன் நாடாப் பிடித்து
ஆறு மீற்றர், பதினெட்டு இலட்சம் எண்டு எழுதினார்.
வைகாசியில் ஒரு கையெழுத்து.
ஆடியில் அதுக்கு மேல ஒரு கையெழுத்து.
புரட்டாதியில்
சிக்கனம் பற்றி ஒரு சுற்றுநிருபம், மூண்டு பிரதி.
கார்த்திகைக் கடைசியில் காசு வந்தது.
அதே கிழமை வாவியும் வந்தது.

மதகு கட்டுற இடத்தில் நெஞ்சளவு தண்ணி.
கொந்தறாத்துக்காரர் சாரத்தை மடிச்சுக் கட்டி நிண்டு
"வெள்ளம் வத்தட்டும் மிஸ்" எண்டார்.
வெள்ளம் வத்துறது தை நடுவில்.
காசு வத்துறது
மார்கழி முப்பத்தொண்டு, பின்னேரம் மூண்டு மணிக்கு.

அண்டைக்குத் தவிசாளர்
என்ட மேசையைச் சுத்திச் சுத்தி நடந்தார்.
"வேற ஏதும் வாங்க ஏலாதா பிள்ளை?"
கதிரை வாங்கலாம்,
மதகுத் தலைப்பில் கதிரை வாங்க ஏலாது.
உழவு இயந்திரத்துக்கு டயர் வேணும்,
டயர்த் தலைப்பு ஆனியிலேயே முடிஞ்சிட்டு.
பதினெட்டு இலட்சத்தை
ஒரு வரியில் எழுதித் திறைசேரிக்கு அனுப்பினன்.
செலவழிக்கப்படாதது.
குறுக்கே ரெண்டு கோடு.

யன்னலுக்கு வெளியே
டயர் தேய்ஞ்ச அந்த இயந்திரம்
குப்பைப் பெட்டியைக் கழுவி
ஏழு சனத்தையும் ஒரு புள்ளத்தாச்சியையும் ஏத்திக்கொண்டு
தண்ணிக்குள்ளால ஆசுபத்திரிக்குப் போனது.
டீசல் பன்னிரண்டு லீற்றர்.
தலைப்பு: திண்மக் கழிவகற்றல்.
வேற தலைப்பில் மிச்சம் இருக்கல்ல.
கணக்காய்வுக்காரர் கேட்டால்
அப்படித்தான் சொல்ல வேணும்,
அந்தப் பிள்ளை இந்நேரம் பிறந்திருக்கும்.

தை ரெண்டாந்திகதி.
புதுப் பேரேட்டில் இன்னும் பசை வாசம்.
இடுப்பு மட்டும் நனைஞ்சு
வேதநாயகி வந்து நிண்டா,
வம்மியடிக்குடா, கடைசி வீடு.
பொலித்தீனுக்குள் சோலைவரித் துண்டு.
"இந்த மாதத்துக்குள்ள முழுசாக் கட்டினா
பத்து வீதம் கழிவாமே?"
ஓம்.
வருசத்துக்கு நூற்றி எழுபத்தைந்து,
கழிவு பதினேழு ஐம்பது,
மிச்சம் நூற்றி ஐம்பத்தேழு ஐம்பது.
அவ மதகைப்பற்றி ஒண்டும் கேக்கல்ல.
நானும் நிமிரல்ல.
பற்றுச்சீட்டில் அவட விரல் பட்ட இடத்தில்
மை பரவினது.

நூற்றி அறுபது தந்தா.
ரெண்டரை ரூபாச் சில்லறை என்னட்ட இல்லை.
"கிடக்கட்டும்" எண்டா,
"மதகுக்குப் போடுங்க."

அவ போய் ஒரு மணித்தியாலம்.
பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறன்,
இந்த ரெண்டரை ரூபாவுக்கு
எந்தத் தலைப்பு?